நாகவல்லியின் ஊர்

திருக்கடையூரில் ‘பித்தன்’ என்ற சொல்லை ஒருவர்மேல் எளிதாக வீசிவிட முடியாது. அச்சொல்லை இவ்வூர் ஒருமுறை வீசித் தோற்றிருக்கிறது. அமாவாசை நாளைப் பௌர்ணமி என்று சரபோசி மன்னரிடம் கூறிய சுப்பிரமணியனை ஊரார் பித்தர் என்றே எண்ணியிருந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. மன்னரின் சினத்திற்கு ஆளாகி, எரியும் குழியின்மேல் நூறு கயிறுகளால் கட்டிய உறியில் அமர்ந்து, பாடலுக்கொரு கயிறாக அறுக்கப்படப் பாடிய அவரே பின்னர் அபிராமி பட்டர் ஆனார். எழுபத்தொன்பதாம் பாடலில் அம்மை தன் தாடங்கத்தை வானில் எறிய, அது நிலவாய் ஒளிர்ந்தது என்பர். தை அமாவாசைதோறும் அந்நிகழ்ச்சி கோயிலில் விழாவாக நினைவுகூரப்படுகிறது. 1971-இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘ஆதிபராசக்தி’ படத்தில் எஸ். வி. சுப்பையா பட்டராக நடித்த பின், இவ்வூரை அறியாதவரும் அக்கதையை அறிந்தனர்.

உலகம் காணாத ஒன்றை ஒருவர் காண்கிறார். அது அருளா, நோயா, ஏமாற்றா? பட்டரின் கதை இவ்வினாவை அருள் என்று விடைகூறி முடித்துவிட்டது. அருள் என்றும் சொல்ல முடியாமல், நோய் என்றும் ஏற்க மனமில்லாமல் நிற்கும் இடங்களில்தான் சிக்கல். அச்சிக்கலைத் தென்னாட்டுத் திரையில் மிகுந்த துணிவோடு தொட்ட படம், 1993 டிசம்பரில் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படமாகும். கதை மது முட்டம், இயக்கம் பாசில். அதன் குணங்களையும் குற்றங்களையும் பற்றிய விவாதம் முப்பது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. அவ்விவாதத்தில் காவிரிக்கரையாருக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. அப்படத்தில் உலவுவதாக அஞ்சப்படும் ஆவியாகிய நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆடற்பெண்.

படத்தை அறியாதார்க்காகக் கதையைச் சுருங்கச் சொல்லலாம். கல்கத்தாவில் வாழ்ந்த நகுலனும் அவன் மனைவி கங்காவும் மாடம்பள்ளி என்னும் பழைய குடும்ப மாளிகைக்கு வருகின்றனர். பூட்டிக் கிடந்த ஓர் அறையைக் கங்கா திறக்கிறாள். முற்காலத்தில் அம்மாளிகைத் தலைவன் சங்கரன் தம்பி தஞ்சையிலிருந்து கொணர்ந்து சிறைவைத்த நாகவல்லியின் உடைகளும் நகைகளும் அங்கே இருக்கின்றன. எதிர்வீட்டில் தங்கியிருந்த ஆடற்கலைஞன் இராமநாதனை நாகவல்லி விரும்பியதும், அதனால் துர்க்காஷ்டமி இரவில் கொல்லப்பட்டதும் பழங்கதை. இப்போது மாளிகையில் விளங்காத நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. இரவில் சலங்கை ஒலிக்கிறது. நகுலனின் நண்பரும் உளமருத்துவருமான சன்னி அமெரிக்காவிலிருந்து வருகிறார். ஆவி ஏதும் இல்லை, கங்காவே நாகவல்லியாக மாறிக்கொண்டிருக்கிறாள் என்று கண்டறிகிறார்.

படத்தின் முதற் குணம் இக்கண்டறிதலே. அதற்கு முன்னும் தமிழில் மனப்பிறழ்வைப் பேசிய படங்கள் இருந்தன. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஆனால் அவற்றில் மனம் பிறழ்ந்தவன் கொலைகாரன்; அவனைக் கண்டு அஞ்சுவதே பார்ப்பவர் பணி. 1960-இல் ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் வகுத்த வழி அது. ‘மணிச்சித்திரத்தாழ்’ அவ்வழியில் செல்லவில்லை. கங்காவும் கொல்ல முயல்கிறாள். ஆயினும் அவளைப் பார்த்து அஞ்சுவதைக் காட்டிலும் அவளுக்காக அஞ்சுவதே மிகுதி. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, கேரளத்துச் சிற்றூரில் பாட்டியிடம் வளர்ந்த சிறுமி அவள். பள்ளி இறுதித் தேர்வு நாளன்று திடீரென அழைத்துச் செல்லப்படுகிறோம் என்ற அதிர்ச்சியில் அவள் மனம் முதன்முதலில் உடைந்தது என்று படம் காரணம் காட்டுகிறது. பேயைக் காட்டி மிரட்டும் கதையில், விட்டுவிடப்பட்ட குழந்தையின் துயரை அடித்தளமாக வைத்தது சிறிய செயலன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘சைக்கோ’வின் இறுதியில் உளமருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குவது படத்தின் மர்மத்தைக் கெடுத்துவிட்டது என்று மேலைநாட்டுத் திறனாய்வாளர் பலர் குறைகூறினர். சன்னி நகுலனுக்குச் செய்யும் நீண்ட விளக்கத்திற்கும் இக்குறை பொருந்தும் என்பாருளர். அக்குறையை இங்கு ஏற்க வேண்டியதில்லை. ‘சைக்கோ’வில் விளக்கம் பார்ப்பவரின் அறிவுப்பசிக்கு இடப்பட்டது, இங்கோ அது கணவனின் கண்ணெதிரில் நிகழும் மாற்றத்தோடு இணைந்து வருகிறது. கட்டிலை ஒரு கையால் தூக்கும் கங்காவைக் கண்டு நகுலன் நடுங்கும் காட்சியில், விளக்கம் சொல்லாகாமல் அனுபவமாகிவிடுகிறது. சோபனா அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றதும், படம் மக்கள் விரும்பும் நற்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றதும் தகுதி பற்றியே.

நோயைப் பற்றிய படத்தின் சித்திரம் சரியா என்ற வினாவும் உண்டு. ஒரே மனத்தில் பல ஆளுமைகள் என்ற மேலைநாட்டுக் கருத்தையே சன்னி பேசுகிறார். இந்திய மருத்துவமனைகளில் அவ்வடிவம் அரிது. ‘சாமி வந்தது’, ‘பேய் பிடித்தது’ என்ற ஆட்கொள்ளல் வடிவமே மிகுதி. உலக நலவாழ்வு நிறுவனம் 1992-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு ஆட்கொள்ளல் நிலைக்குத் தனி இடம் தந்தது. அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, பல்லாளுமை நோயின் இலக்கணத்திலேயே ஆட்கொள்ளப்படுதலையும் சேர்த்துக்கொண்டது. மருத்துவர் பலர் பின்னர் சொல்லவந்ததை மது முட்டம் கதையாக முன்பே சொல்லியிருக்கிறார் எனலாம்.

குற்றங்களில் பெரியது மருத்துவ முறையில் இருக்கிறது. துர்க்காஷ்டமி இரவில் மந்திரவாதி பிரம்மதத்தனின் துணையோடு ஒரு சடங்கு நடத்தப்படுகிறது. சங்கரன் தம்பியாக நகுலனைக் கிடத்தி, நொடியில் பலகையைச் சுழற்றி உருவப்பொம்மையை வைக்கின்றனர். நாகவல்லியாகிய கங்கா பொம்மையை வெட்டிப் பழி தீர்த்து மயங்குகிறாள். நோய் அன்றோடு நீங்கிவிடுகிறது. ஓர் இரவில் தீரும் மனநோய் உண்டா? நோயாளியின் இசைவின்றி அவளை ஏமாற்றிச் செய்வது மருத்துவமா? மற்றொன்று இதனினும் கொடிது. கங்காவின் நோயை மறைப்பதற்காக, வீட்டுப் பெண்ணாகிய ஸ்ரீதேவியின்மேல் எல்லோருடைய ஐயமும் விழுமாறு சன்னியே செய்கிறார். அவள் அறையில் அடைக்கப்படுகிறாள். செவ்வாய் தோஷம் என்று கூறித் திருமண வாழ்வு மறுக்கப்பட்ட பெண் அவள். ஏற்கெனவே ஒரு பழியைச் சுமப்பவள்மேல் இன்னொன்றை ஏற்றுவது எளிது என்பதைக் கதை நன்கு அறிந்திருக்கிறது. அறிந்தும் அதை நகைச்சுவையோடு கடந்து, இறுதியில் சன்னி அவளை மணக்க விரும்புவதாகக் காட்டி ஈடுசெய்துவிடுகிறது. அறுபதாம் கல்யாணத்திற்கும் எண்பதாம் கல்யாணத்திற்கும் நாள்தோறும் இணையர் வந்து குவியும் திருக்கடையூரில் இருந்து பார்ப்பவர்க்கு, சாதகக் கட்டம் ஒன்றினால் அத்தகைய நாளே மறுக்கப்படும் பெண்ணின் நிலை சற்றுக் கூடுதலாகவே உறைக்கும்.

சடங்கைப் பற்றிய குறையை மட்டும் இவ்வட்டாரத்தில் முழுதாக ஏற்பது கடினம். திருவிடைமருதூரில் கிழக்கு வாயிலால் நுழைந்தவர் அவ்வழியே திரும்பாமல் வேறு வாயிலால் வெளியேறும் வழக்கம் இருந்துவருகிறது. அறியாமல் அந்தணன் ஒருவன் இறக்கக் காரணமான வரகுணபாண்டியனைப் பற்றிய பிரம்மகத்தி, அவ்வாயிலில் அவன் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது என்பது கதை. குற்றவுணர்வுக்கு ஓர் உருவம் கொடுத்து, அவ்வுருவத்தை ஒரு வாயிலில் நிறுத்திவிட்டு, மனிதனை மறுவாயிலால் அனுப்பிவிடுகிறது அக்கோயில். பிரம்மதத்தன் சுழற்றும் பலகையும் இத்தகைய வாயில்தான். மந்திரவாதியை மூடனாகக் காட்டாமல், மருத்துவரின் கருத்தை உணர்ந்து கைகொடுக்கும் அறிஞனாகப் படைத்தது படத்தின் நுட்பமான குணம். ஆனால் நுட்பம் எல்லாரிடத்தும் நுட்பமாகவே சென்று சேர்வதில்லை. ‘பூசை செய்தார்கள், போய்விட்டது’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மடிந்தனர். நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தெளிவாகத் தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது 2017-இல். இவற்றை நினைவில் வைத்துப் பார்த்தால், கங்காவை அடிக்காமல், கட்டாமல், அவள் மனத்தில் வாழும் நாகவல்லியிடம் பேசிப்பார்த்த சன்னியின்மேல் உள்ள குறை சற்றுக் குறைந்தே தோன்றும்.

இனி நாகவல்லியிடம் வரலாம். விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டவள் அவளே.

தஞ்சை ஆடற்பெண் ஒருத்தி மலைநாட்டு மாளிகைக்குச் சென்றாள் என்பது வெறுங் கற்பனை அன்று. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு திருவனந்தபுரம் சென்று சுவாதித் திருநாள் மகாராசாவின் அவையில் விளங்கியவர்; 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் பரிசளிக்கப்பட்டது. சின்னையா மைசூர் சென்றார். 1855-இல் தஞ்சை மராட்டிய மன்னர் மரபு முடிவுற்றதும் ஆதரவிழந்த கலைஞர் பலர் வேற்று அவைகளை நாடினர். சென்றவர் எல்லாம் விரும்பிச் சென்றவரும் அல்லர். 1880-இல் தஞ்சை இளவரசி பரோடா மன்னர் சாயாஜிராவை மணந்தபோது, கௌரா, காந்திமதி என்ற இரு ஆடற்பெண்களும் பக்க இசைக்கலைஞரும் சீரோடு சீராக அனுப்பப்பட்டனர். பொன்னும் பட்டும் அனுப்பப்பட்ட அதே பட்டியலில் பெண்களும். ஆயினும் அவர்கள் கதை பூட்டிய அறையில் முடியவில்லை. காந்திமதியின் மகன் குபேரநாதர் ‘தஞ்சாவூர்க்கர்’ என்னும் பெயரோடு பரோடாப் பல்கலைக்கழகத்தில் ஆடல் ஆசிரியரானார்.

இப்பெண்களுக்கு ஒரு காலத்தில் எழுத்தில் இடம் இருந்தது. இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலில் பொறித்த கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகள் குறிக்கப்படுகின்றனர். தொகையாக அன்று, ஒவ்வொருத்தியும் பெயரோடு, எந்த ஊரின் எந்தத் தளியிலிருந்து வந்தாள், எச்சிறகில் எத்தனையாம் வீடு அவளுடையது என்ற விவரத்தோடு. ஒருத்திக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. ஏழெட்டு நூற்றாண்டு கழித்து, மராட்டியர் ஆட்சியில் பிரதாபசிம்மன் அவையைச் சார்ந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனமு’ என்னும் காவியம் இயற்றினாள். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடிய அந்நூலை 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். ஆங்கில அரசு தடைசெய்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. தஞ்சை ஆடற்பெண் கவிஞராகவும் இருந்தாள் என்பதைக் கவிதைக்காரர்கள் மறத்தல் ஆகாது.

நாகவல்லிக்குக் கதை தருவது என்ன? அழகு, காதல், பழி. அவளுக்கு ஊர் உண்டு, தெரு இல்லை. தாய் யார், எவரிடம் ஆடக் கற்றாள், எப்பாட்டைப் பாடுவாள் என்பதெல்லாம் இல்லை. படத்தின் வரலாற்றுக் குற்றம் இதுவே. தஞ்சாவூர் என்ற பெயரே போதும், அப்பெயரைச் சொன்னதும் சலங்கையும் மர்மமும் தாமே வந்துவிடும் என்று கதை நம்பியிருக்கிறது. அந்நம்பிக்கையை முழுதும் பழிக்கவும் முடியவில்லை, வந்துவிடத்தான் செய்கின்றன.

ஆனால் நடிகையின் உடலில் கதை அறியாத வரலாறு ஒன்று புகுந்துகொண்டது. சோபனா சித்ரா விசுவேசுவரனிடமும் பத்மா சுப்ரமணியத்திடமும் ஆடல் பயின்றவர். இவ்விருவரும் வழுவூர் இராமையாப் பிள்ளையின் மாணவியர். வழுவூர், திருக்கடையூரிலிருந்து வெகுதொலைவில் இல்லை. எட்டு வீரட்டங்களுள் திருக்கடையூர் காலனை உதைத்த இடம். வழுவூர் யானையை உரித்த இடம். சோபனாவின் அத்தை பத்மினியும் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம் பயின்றவரே. எனவே திரையில் நாகவல்லியாகக் கால் பெயர்க்கும் கங்காவின் அடவுகள் உண்மையிலேயே காவிரிக்கரையிலிருந்து சென்றவை. கதைக்குள் நாகவல்லிக்கு இல்லாத ஆசிரியர் மரபு, கதைக்கு வெளியே நடிகைக்கு இருந்தது.

இங்கே இன்னொன்றும் தோன்றுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே எழுதினார். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தை ஒழித்தது. அதே ஆண்டுகளில் ஆட்டம் அக்குலப் பெண்களிடமிருந்து நீங்கிப் படித்த குடும்பப் பெண்களின் கைக்கு, பரதநாட்டியம் என்ற பெயரோடு, மாறியது. கொடுமை நீங்கியது நன்று. ஆடியவள் மேடையிலிருந்து நீங்கியது வேறு செய்தி. படித்த நல்லகுடிப் பெண்ணாகிய கங்கா, பூட்டிய அறையைத் திறந்து, இறந்த ஆடற்பெண்ணின் நகைகளைத் தன் மேனியில் அணிந்து, அவள் பாட்டுக்கு ஆடத் தொடங்குகிறாள். இதை எழுதியவர் இவ்வரலாற்றை எண்ணி எழுதியிருக்க வேண்டியதில்லை. எண்ணாமலே நேர்ந்த உருவகம் என்பதால் அதன் வலிமை குறைந்துவிடாது.

மொழி பற்றிய நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். மலையாளம் பேசும் கங்கா, நாகவல்லியாகும்போது தமிழ் பேசுகிறாள். ஆடற்பாட்டின் தமிழ் வரிகளை வாலி எழுதினார். கேரளத்துப் பார்வையாளர்க்கு அத்தமிழே அச்சத்தின் குரல். பின்னர் இக்கதை எங்கெங்கு சென்றதோ அங்கெல்லாம் ஆவி பக்கத்து மொழிக்குப் பெயர்ந்தது. கன்னட ‘ஆப்தமித்ரா’வில் (2004) அவள் தெலுங்குக்காரி, தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) தெலுங்குக்காரி, இந்திப் ‘பூல் புலையா’வில் (2007) வங்காளி. எந்த மொழியாரும் தம் பேயைத் தம் மொழியில் பேசவிடவில்லை. அஞ்சத்தக்க பெண் அயல்மொழிக்காரியாகவே இருக்கவேண்டும் போலும்.

‘சந்திரமுகி’யின் வெற்றி அனைவரும் அறிந்தது, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது. சோதிகாவின் நடிப்பைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் இயக்குநர் பி. வாசுவின் கையில் எடை இடம் மாறிவிட்டது. இரசினிகாந்தே மருத்துவராகவும் கொடுங்கோல் வேட்டையனாகவும் வந்தபின், நோயுற்ற பெண்ணின் கதை அவளைக் குணமாக்கும் ஆணின் கதையாகிவிட்டது. கங்காவின் இளமைத் துயருக்குத் தரப்பட்ட இடம் சுருங்கியது. தஞ்சை ஆடற்பெண்ணைத் தன் தாய்மொழியில் பேசவைக்கத் தமிழ்ப்படத்திற்குக் கிடைத்த வாய்ப்பும் நழுவியது. இதில் ஒரு முரண் உண்டு. நாயக்கர், மராட்டியர் அவைகளில் தஞ்சைப் பெண்கள் ஆடிய பதங்களும் வர்ணங்களும் பெரும்பாலும் தெலுங்கு. ஆகவே சந்திரமுகி தெலுங்கில் பாடுவது தவறன்று; அவளைத் தஞ்சாவூர்க்காரியாகவே வைத்துத் தெலுங்கில் பாடவிட்டிருந்தால் அது முழு உண்மையாகவே இருந்திருக்கும். ஊரை மாற்றியதுதான் பிழை.

அதன்பின் வந்தவை வேறு திசையில் சென்றன. ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) வரிசைகளில் ஆவி ஐயத்திற்கு இடமின்றி ஆவியே. ‘சந்திரமுகி 2’ (2023) தன் முன்படம் மறுத்ததையே ஏற்றுக்கொண்டு, மனநோய் என்று விளக்கப்பட்டவளை உண்மையான ஆவியாக்கியது. சன்னி பாடுபட்டு நிறுவியதை ஒரே படம் கலைத்துவிட்டது. 2024 ஆகஸ்டில் ‘மணிச்சித்திரத்தாழ்’ புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, படம் முதலில் வெளிவந்த காலத்தில் பிறந்திராதவர்களும் கூட்டமாகச் சென்று கண்டனர்.

அப்படத்தைப் பற்றிய செய்திகளுள் தமிழர்க்கு உரிய ஒன்று நெடுங்காலம் வெளிவராமலே இருந்தது. கங்காவுக்கு மலையாளத்தில் குரல்கொடுத்தவர் பாக்கியலட்சுமி. மாநில விருதும் பெற்றார். நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று பலர் நம்பியிருந்தனர். அது துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரற்கலைஞருடையது என்று 2016-இல் பாசில் எழுதினார். படம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.